தூய்மையும் எலும்புத் தூளும்

விஞ்ஞானத்தைப் பற்றி நமது சிறுபத்திரிகைச் சூழலில் இரண்டு விதமான பேச்சுகளே அதிகம். ஒன்று, அதை மேற்கின் அதிகாரச் சொல்லாடல் என்று கட்டுடைத்து ஓரமாக வைத்துவிடுவது. மற்றது, குவாண்டம், கேயாஸ், கருந்துளை என்று நாலைந்து சொற்களைப் பொறுக்கி வந்து கவிதைக்கும் கோட்பாட்டுக்கும் உருவகமாகத் தைத்துவிடுவது. (இந்தத் தையலைக் கிண்டல் செய்துதான் ஆலன் சோக்கல் என்ற இயற்பியலாளர் 'சோஷியல் டெக்ஸ்ட்' இதழுக்கு ஒரு போலிக் கட்டுரை அனுப்பினார், 1996இல் அவர்களும் அச்சிட்டார்கள்.) இரண்டு பேச்சிலும் விடுபட்டுப்போவது ஒரே விஷயம்தான். ஆய்வுக்கூடத்தில் கை என்ன செய்கிறது? எதை அளக்கிறார்கள்? அளந்த எண்ணிலிருந்து ஒரு சொல்லுக்கு எந்த வழியாக வந்து சேருகிறார்கள்?

2010 தொடங்கி, பழைய எலும்புகளிலிருந்து எடுக்கப்பட்ட டி.என்.ஏ. மனித வரலாற்றைப் பற்றிச் சொல்லிவரும் செய்திகளை முன்வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். இனம், பூர்வீகம், கலப்பு, தூய்மை என்று நமது அரசியலில் புழங்கும் சொற்கள் அனைத்தையும் இந்தத் துறை தொடுகிறது. வடக்கிலும் தெற்கிலும் ஆளாளுக்கு ஒரு வரியை உருவிக்கொண்டு 'விஞ்ஞானமே சொல்லிருச்சு' என்கிறார்கள். அது எப்படிச் சொல்கிறது என்பது தெரியாமல் இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது.

முதலில் ஆய்வுக்கூடத்துக்குள் போவோம். உள்ளே நுழைகிறவர் தலை முதல் கால்வரை மூடிய அங்கி போட வேண்டும். முகமூடி, இரட்டைக் கையுறை. வெளிக்காற்று உள்ளே வராதபடி அறைக்குள் காற்றழுத்தம் கூட்டி வைக்கப்பட்டிருக்கும். மேசையை ப்ளீச் திரவத்தால் துடைப்பார்கள். ஆளில்லாத நேரத்தில் புற ஊதா விளக்கு எரியும். ஏன் இத்தனை பாடு? நாற்பதாயிரம் வருஷத்து எலும்பில் மிஞ்சியிருக்கும் டி.என்.ஏ. மிகச் சொற்பம், அதுவும் துண்டுதுண்டாக நொறுங்கியது. ஆய்வாளர் தும்மினால் தெறிக்கும் எச்சில், கையிலிருந்து உதிரும் ஒரு செதில் தோல் போதும், அதை அப்படியே அமுக்கிவிடும். தொட்டால் தீட்டு என்ற கதைதான். ஆனால் நமது ஆசாரத்தில் பிணத்தின் தீட்டு உயிருள்ளவனைப் பிடிக்கிறது. இங்கே உயிருள்ளவனின் தீட்டு செத்தவனைப் பிடிக்கிறது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. ஸ்வான்டே பேபோ இளம் ஆய்வாளராக 1985இல் 'நேச்சர்' இதழில் எகிப்திய மம்மி ஒன்றின் டி.என்.ஏ.யைப் படியெடுத்ததாக எழுதினார். பெரிய பெயர் கிடைத்தது. அது யாரோ தொட்ட இன்றைய மனிதரின் டி.என்.ஏ.யாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது பின்னால் தெளிவாயிற்று. அவருடைய பிற்கால வாழ்க்கையின் பெரும்பகுதி இந்தத் தீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதிலேயே போயிற்று. 2022இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசை அழுக்கைப் படித்ததற்கான பரிசு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கண்டுபிடித்த வழி அழகானது. டி.என்.ஏ. இழை நாலு எழுத்துகளால் ஆனது என்பது பலருக்கும் தெரியும். உயிர் போன பிறகு அதைப் பழுதுபார்க்க ஆளில்லை. நாளாக ஆக இழை உடைகிறது. உடைந்த முனைகளில் சைட்டோசின் என்ற எழுத்து தன் ஓர் உறுப்பை இழந்து யூராசில் ஆகிவிடுகிறது. படிக்கும் இயந்திரம் அதைத் தைமின் என்று வாசிக்கிறது. ஒரு துண்டின் ஓரங்களில் இந்த வாசிப்புப் பிழை குவிந்திருந்தால் அது பழையது. ஓரம் சுத்தமாக இருந்தால் நேற்றைக்கு யாரோ தொட்டது. அதாவது சிதைவுதான் சான்றிதழ். கறைபடாத பிரதி போலி. பிரதியின் சிதைவுகளைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இங்கே அது உருவகம் இல்லை, அன்றாட வேலைமுறை.

அப்படிப் பிரித்தெடுத்தாலும் எலும்பிலிருந்து வருவதில் பெரும்பகுதி மண்ணிலிருந்து ஏறிய பாக்டீரியாவினுடையது. மனிதத் துண்டுகளைப் பொறுக்கி, இன்றைய மனித மரபணுத்தொகுதியின்மேல் பொருத்தி, எது எங்கே உட்காருகிறதென்று பார்க்க வேண்டும். ஆறாயிரம் பக்கப் புத்தகத்தைக் கிழித்துக் குப்பையில் கலந்த பிறகு, அதே புத்தகத்தின் இன்னொரு பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு துணுக்குகளை அடுக்குகிற மாதிரி.

*

இந்த வேலையின் பலன் 2010இல் வெளிவந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பேபோவின் குழு நியாண்டர்தால் மனிதரின் மரபணுத்தொகுதியை அடுக்கி முடித்தது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நியாண்டர்தால் என்றால் காட்டுமிராண்டி, முட்டாள், அழிந்துபோக வேண்டியவன். ஐரோப்பியன் தன்னை 'மனிதன்' என்று வரைந்துகொள்ளத் தேவைப்பட்ட முதல் மற்றமை அவன்தான் என்றுகூடச் சொல்லலாம். அந்த மற்றமை அவனுடைய ரத்தத்திலேயே இருப்பது தெரியவந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்கள் அனைவரிடமும் ஏறக்குறைய 2 சதம் நியாண்டர்தால் வழி வந்தது. ஆப்பிரிக்கர்களிடமும் அது சிறிய அளவில் இருக்கிறது, திரும்பிப் போனவர்கள் வழியாக, என்று 2020இல் வந்த ஆய்வு காட்டியது.

அதே 2010இல் இன்னொன்று. சைபீரியாவின் அல்தாய் மலையில் டெனிசோவா என்றொரு குகை. அங்கே 2008இல் கிடைத்த ஒரு சுண்டுவிரல் எலும்புத் துணுக்கைப் படித்தபோது அது நாமும் இல்லை, நியாண்டர்தாலும் இல்லை. எலும்புக்கூடு இல்லாமல், மண்டையோடு இல்லாமல், விரல் துணுக்கிலிருந்து ஒரு மனிதக் கூட்டம் எழுந்து வந்தது. அவர்களுக்கு டெனிசோவர் என்று பெயர். பப்புவா நியூகினி மக்களிடம் அவர்களுடைய பங்கு கணிசமாக இருக்கிறது. திபெத்தியர்கள் காற்றுக் குறைந்த உயரத்தில் வாழ உதவும் ஒரு மரபணு வடிவம் டெனிசோவர் வழி வந்தது என்று 2014இல் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2018இல் வந்த செய்தி. அதே குகையில் எது மனித எலும்பு, எது விலங்கெலும்பு என்று அடையாளம் தெரியாத ஆயிரக்கணக்கான சில்லுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கொலாஜன் புரதத்தைச் சோதித்து ஒவ்வொன்றாகத் தரம் பிரித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகளில் ஒன்று மனிதருடையதாகத் தேறியது. சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணுடையது; சாகும்போது பதின்மூன்று வயதாவது இருக்கும். அவளுடைய தாய் நியாண்டர்தால், தகப்பன் டெனிசோவர். கொள்ளுப்பாட்டன் காலத்துக் கலப்பு கிடையாது, முதல் தலைமுறைப் பிள்ளை. அந்தத் தகப்பனுக்கும் பின்னால் எங்கோ ஒரு நியாண்டர்தால் மூதாதை இருந்திருக்கிறார். இதுவரை படிக்கப்பட்ட இத்தகைய பழைய எலும்புகள் மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்துக்குள் ஒரு நேரடிக் கலப்புக் குழந்தை தட்டுப்படுகிறாள் என்றால், சந்தித்தபோதெல்லாம் சேர்ந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்தச் சேர்க்கை காதலா, பலவந்தமா என்பதை எலும்பு சொல்லாது. 'கலப்பு' என்றதும் நமக்குள் கிளம்புகிற கொண்டாட்டத்தைச் சற்று அடக்கிக்கொள்ள இது ஓர் இடம்.

டெனிசோவருக்கு முகம் கிடைத்தது 2025இல். சீனாவின் ஹார்பின் நகரில் 1933இல் ஒரு தொழிலாளி கண்டெடுத்துக் கிணற்றுக்குள் ஒளித்து வைத்ததாகச் சொல்லப்படும் மண்டையோடு, 2018இல் அவருடைய குடும்பத்தார் வழியாக வெளியே வந்தது. 2021இல் அதற்குத் தனி இனப்பெயரே சூட்டிவிட்டார்கள். எலும்பில் டி.என்.ஏ. தேறவில்லை. கடைசியில் பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டிப் பார்த்தார் சியாவ்மெய் ஃபு என்ற பெண் ஆய்வாளர். குறைந்தது 1,46,000 ஆண்டுப் பழமையுள்ள அந்தப் பற்காரையில் டி.என்.ஏ. இருந்தது, அது டெனிசோவருடையது. பல் விளக்காததால் வரலாறு பிழைத்தது.

இவற்றால் 'இனம்' என்ற உயிரியல் கருத்தாக்கம் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மரம் என்ற உருவகம் உதவாமல் போயிற்று என்பதே என் வாதம். பாடப் புத்தகங்களில் ஒரு அடிமரம், பிரியும் கிளைகள், ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு மக்கள் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். இப்போது தெரிவது டெல்டா ஆறு. பிரியும், சேரும், மறுபடி பிரியும், ஒரு வாய்க்கால் வறண்டு இன்னொன்றில் விழும். எந்த இடத்தில் நின்று 'இதுதான் மூலம்' என்பீர்கள்? பழைய நீர் இன்றைக்கும் ஓடுகிறது, நல்லதாகவும் கெட்டதாகவும். கோவிட் நோய் கடுமையாவதோடு தொடர்புள்ள மூன்றாவது குரோமோசோமின் ஒரு பகுதி நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்று 2020இல் பேபோவும் ஹூகோ செபெர்க்கும் எழுதினார்கள். தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் அதன் ஒரு படியாவது இருக்கிறது. ஐரோப்பாவில் ஆறில் ஒருவரிடம்.

*

நம் பக்கத்துக்கு வருவோம். வெப்பம் டி.என்.ஏ.யின் முதல் எதிரி. சைபீரியக் குகை குளிர்சாதனப் பெட்டி என்றால் நமது மண் அடுப்பு. ஹரியானாவின் ராக்கிகடியில் சிந்து நாகரிக இடுகாட்டிலிருந்து 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். காதுக்குப் பின்னால், மண்டைக்குள் இருக்கும் எலும்புதான் உடம்பிலேயே இறுகியது; டி.என்.ஏ. அதில்தான் கொஞ்சமாவது தங்கும். தேறியது ஒரே ஒரு ஆள், ஒரு பெண். அவளிடமிருந்தும் நூறு தடவைக்கு மேல் எடுத்தெடுத்துச் சேர்த்த துணுக்குகள்தான். 2019 செப்டம்பரில் 'செல்' இதழில் வெளியானது. அதே வாரம் 'சயின்ஸ்' இதழில் இன்னொரு கட்டுரை: மத்திய ஆசியாவிலிருந்தும் தெற்காசியாவின் வடபகுதியிலிருந்தும் 523 பழைய மனிதர்களின் மரபணுத்தொகுதிகள். ஆசிரியர்களில் பலர் இரண்டுக்கும் பொது.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது இது. ராக்கிகடிப் பெண்ணிடம் இரண்டு ஓட்டங்கள் உண்டு. ஒன்று ஈரானியப் பகுதியின் பழைய மக்களோடு தூர உறவுடையது. வேளாண்மை தோன்றுவதற்கு முன்பே அவர்களிலிருந்து பிரிந்தது. மற்றது இந்தத் துணைக்கண்டத்தின் பழைய வேட்டைச் சமூகங்களுடையது. ஸ்டெப்பிப் புல்வெளியிலிருந்து வந்த ஓட்டம் அவளிடம் இல்லை. அது கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் உள்ளே வருகிறது. இன்றைக்கு வடக்கில் அதிகமாகவும், மரபாகப் புரோகிதம் செய்துவந்த பல சாதிகளில் ஒப்பீட்டளவில் கூடுதலாகவும் காணப்படுகிறது.

இனி வாசிப்பைப் பாருங்கள். ராக்கிகடி ஆய்வின் முதன்மை ஆசிரியரான வசந்த் ஷிண்டே, கட்டுரை வெளிவந்த கையோடு, ஆரிய வருகைக் கோட்பாடு தகர்ந்துபோனது என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். கட்டுரையில் அப்படி ஒரு முடிவு கிடையாது. ஸ்டெப்பி ஓட்டம் அந்தப் பெண்ணிடம் இல்லாமலிருப்பது, அது பிற்பாடு வந்தது என்பதற்குத்தான் சாட்சி. இந்தப் பக்கம் நம்மவர்கள் 'அவள் தமிழச்சி' என்று குதித்தார்கள். எலும்பில் மொழி எழுதியிருக்காது, ஐயா. பலூசிஸ்தானத்தில் திராவிட மொழி பேசும் பிராகுயிகள், மரபணு அளவில் பக்கத்திலுள்ள பலூச்சிகளைப் போலவே இருக்கிறார்கள். மொழி ஒரு வழியாகவும் ரத்தம் ஒரு வழியாகவும் போவது உலகத்தில் சாதாரணம். சிந்துவெளி மக்கள் ஒரு திராவிட மொழி பேசியிருக்கலாம் என்பதற்கு மொழியியலில் வேறு வாதங்கள் உண்டு. அவற்றை அந்தத் தளத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

பெயர் சூட்டுவதன் அரசியல் தனிக்கதை. இந்தியர்களின் மரபணுக்களைப் பெரிய அளவில் ஆராய்ந்த முதல் முக்கியமான கட்டுரை 2009இல் வந்தது. ஹார்வர்டின் டேவிட் ரைக், ஹைதராபாத் ஆய்வு மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் சேர்ந்து செய்தது. 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேர். எல்லாருமே இரண்டு பழைய மக்கள் கூட்டங்களின் கலப்பு என்று கணக்கு சொன்னது. அதில் ஒரு கூட்டத்தை 'மேற்கு யூரேசியர்' என்று எழுத ரைக் நினைத்திருந்தார். இந்திய ஆய்வாளர்கள் ஒப்பவில்லை. 2008இல் ஹைதராபாத்தில் நடந்த அந்த வாக்குவாதத்தைத் தனது 2018ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். முடிவில் 'மூதாதை வட இந்தியர்', 'மூதாதை தென்னிந்தியர்' என்று இரண்டு பெயர்களைச் செய்தார்கள். செய்தார்கள் என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். வெளியிலிருந்து வந்ததும் 'வட இந்தியர்' ஆயிற்று. அந்தப் பெயரில் தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்ட ஒரு மனிதரும் பூமியில் நடந்ததில்லை. ஆனால் பெயர் அச்சில் ஏறியதும் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. 'மூதாதை தென்னிந்தியர்' என்றால் கலப்பற்ற தமிழர் என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். 2019 கட்டுரை அந்தக் கூட்டத்தையும் உடைத்துக் காட்டிவிட்டது: அவர்களே சிந்துவெளி ஓட்டமும் பழைய வேட்டைச் சமூகங்களும் கலந்தவர்கள்தான்.

*

இந்தத் துறையிலிருந்து நமக்கு, குறிப்பாகச் சாதி ஒழிப்பில் அக்கறையுள்ளவர்களுக்குக் கிடைத்த மிக முக்கியமான விஷயம் தோற்றம் பற்றியது அல்ல. கதவு எப்போது சாத்தப்பட்டது என்பது பற்றியது. இதைக் கொஞ்சம் நிதானமாக விளக்க வேண்டும்.

சிவப்புத் துணி ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று. சிவப்பு ஒரு கூட்டத்தின் குரோமோசோம், வெள்ளை இன்னொரு கூட்டத்தினுடையது. இருவர் சேர்ந்து பெற்ற பிள்ளையிடம் இரண்டும் முழுசு முழுசாக இருக்கும். அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டையும் ஓரிரு இடங்களில் வெட்டி மாற்றி ஒட்டி ஒரே துணியாகத்தான் கொடுக்க முடியும். அடுத்த தலைமுறையில் இன்னும் ஓரிரு வெட்டு. இப்படியே போகப் போக ஒட்டுகள் சிறிதாகிக்கொண்டே வரும். ஆகவே இன்றைக்கு ஒருவரிடமுள்ள சிவப்பு ஒட்டின் சராசரி நீளத்தை அளந்தால், எத்தனை தலைமுறைக்கு முன்னால் முதல் சேர்க்கை நடந்தது என்று பின்னோக்கி எண்ணலாம். ஒரு தலைமுறைக்கு முப்பதுக்குச் சற்றுக் குறைவான ஆண்டுகள்.

2013இல் பிரியா மூர்ஜானியும் மற்றவர்களும் 73 குழுக்களில் இப்படி எண்ணினார்கள். சேர்க்கை 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்திருக்கிறது. தூரக் காட்டுப் பழங்குடிகளிலிருந்து புரோகிதச் சாதிகள்வரை, யாரும் தப்பவில்லை. அதற்குப் பிறகு ஓட்டம் மெலிந்து நின்றுபோகிறது. கல்கத்தாவுக்கு அருகே கல்யாணியிலுள்ள ஆய்வு மையம் 2016இல் வேறு தரவுகளோடு செய்த ஆய்வு, மேல்சாதிகளில் கதவு சாத்தப்பட்டது சுமார் 70 தலைமுறைக்கு முன், குப்தர் காலத்தை ஒட்டி என்று மதிப்பிட்டது. காலக் கணக்கில் இரண்டும் அப்படியே பொருந்தவில்லை. குழுவுக்குக் குழு வேறுபாடும் உண்டு. ஆனால் அடிப்படையான வரிசை ஒன்றுதான். முதலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கலப்பு, அப்புறம் அகமணம். அனாதி காலம் தொட்டு வந்ததாகச் சொல்லப்படுகிற சுவருக்குக் கட்டிய தேதி இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு 1916 ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைஸரின் மானிடவியல் வகுப்பில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிய தனது கட்டுரையை வாசித்தார். இந்திய மக்கள் பல திசைகளிலிருந்து வந்து கலந்தவர்கள், சாதி என்பது கலந்துபோன அந்த மக்களைப் பின்னால் கூறுபோட்ட செயல், அதன் சூட்சுமம் அகமணம் என்பது அவருடைய வாதம். மரபணு என்ற பொருள் எதனால் ஆனது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. துணியின் ஒட்டுகளை அளக்காமல், சடங்குகளை வாசித்தே அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். அதோடு நிற்கவுமில்லை. அகமணத்தைக் காப்பாற்ற ஒரு குழுவுக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். கணவன் செத்தால் 'மிஞ்சும்' பெண்ணை என்ன செய்வது என்ற கேள்வி வரும். உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் சிறுமித் திருமணமும் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட வந்தவை என்றார்.

மரபணுக் கட்டுரைகளில் இந்தப் பத்தி இருக்காது. 'மரபோட்டம் தடைப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எழுபது தலைமுறை தடைப்பட்டது என்றால் எழுபது தலைமுறையிலும், ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு, பெண் யாரோடு பேசுகிறாள் என்று யாரோ கண்காணித்திருக்கிறார்கள் என்று பொருள். சுவர் தானாக நிற்பதில்லை. தினமும் காவல் வேண்டும். சாதி மாறிக் கல்யாணம் பண்ணிய இளைஞனை 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றதும் அந்தக் காவல்தான்.

சுவரின் விலையை உடம்பும் கொடுக்கிறது. 2017இல் வந்த ஓர் ஆய்வு தெற்காசியாவின் 263 தனிக் குழுக்களைச் சோதித்தது. அவற்றில் 81 குழுக்கள், மரபுநோய்களுக்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதை வட்டத்திலிருந்து பெருகியவை. அந்த 81இல் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ளவை. எண்ணிக்கையில் பெரிய சாதி என்பதால் மரபில் விரிவானது என்று ஆகிவிடாது. அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தை உடம்பு உடைக்க முடியாமல் மூச்சுத் திணறுகிற குறைபாடு, தென்னிந்திய வணிகச் சாதி ஒன்றில் பிற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்கள் சாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற விசித்திரம் இதனால் வந்தது. மாமன் மகளைக் கட்டுகிற நமது வழக்கம் வேறு சிக்கல், அதோடு இதைக் குழப்பக் கூடாது. உறவுக்குள் கட்டாமல், ஆனால் சாதிக்குள் கட்டுகிற குடும்பங்களிலும் இந்த ஆபத்து இருக்கிறது.

*

சரி, அப்போ மரபணுவே நம்ம கட்சி என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்று நினைக்கிறேன். இந்தத் துறையின் பாட்டன்மார் யாரென்று மறக்கக் கூடாது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மண்டையை அளக்கும் கருவிகளோடு மாகாணம் முழுக்கச் சுற்றினார். ரிஸ்லி மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் வகுத்து வந்த எண்ணில் சாதிப் படிநிலையைக் கண்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர் கையில் இருந்தது. ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த மண்டையோடுகளைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1930இல் வெளியிட்ட நூலும் அந்த இனவகைச் சட்டகத்துக்குள்தான் பேசியது. எல்லாம் அன்றைக்கு விஞ்ஞானம்தான், துல்லியமான எண்களோடு.

எண் மாறியிருக்கிறது, ஆசை மாறவில்லை. 2022 மே மாதத்தில், இந்தியர்களின் 'இனத் தூய்மை'யை ஆராய மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் மரபணுக் கருவிகள் வாங்கப்போவதாக ஒரு நாளிதழ் எழுதியது. செய்தி திசைதிருப்புவது என்று அமைச்சகம் மறுத்தது. மறுப்பு இருக்கட்டும்; 'தூய்மை' என்ற சொல் அந்தக் கருவியின் பக்கத்தில் எத்தனை சுலபமாக வந்து உட்கார்ந்தது பாருங்கள். நம் பக்கமும் சும்மா இல்லை. கீழடிக்கு அருகே கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து லிவர்பூலில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் 2025இல் முகங்களை உருவாக்கியதும், அந்த மூக்கிலும் நிறத்திலும் தமிழனைத் தேடிக்கொண்டிருந்தோம். மண்டையோடு மூக்கின் தசையையும் உதட்டின் தடிமனையும் நேராகச் சொல்லாது. இன்றைய மக்களிடம் எடுத்த சராசரிகளைப் போட்டுத்தான் நிரப்புகிறார்கள். நாம் வைத்ததை நாமே கண்டெடுத்து மகிழ்கிறோம்.

என் பயம் வேறு. சாதி மறுப்பை மரபணுவின்மேல் நிறுத்தினால், நாளைக்கு ஒரு கட்டுரை வந்து 'இந்தக் குழு ஐயாயிரம் வருஷமாகக் கலக்கவே இல்லை' என்று சொன்னால் என்ன செய்வோம்? அவர்களுக்கு மட்டும் சாதி நியாயம் ஆகிவிடுமா? கலந்தவர்கள் என்பதால் சமம் என்கிற வாதம், கலக்காதவர்களைக் கைவிடுகிற வாதம். அப்படிக் கலக்காமல் ஒதுங்கி வாழ்ந்த மக்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

லிட்டில் அந்தமான் தீவின் ஒங்கே மக்களைச் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 101 பேர். மேலே நான் 'பழைய வேட்டைச் சமூகங்கள்' என்று எழுதிக்கொண்டே வந்தேன் அல்லவா, அந்த மூதாதைகள் இதுவரை எந்த எலும்பிலும் கலப்பின்றி நேராகக் கிடைத்ததில்லை. கணக்கில் மற்றதையெல்லாம் கழித்து வருகிற மீதி அவர்கள். அந்தக் கழித்தலுக்கு அளவுகோலாகப் பயன்பட்டது ஒங்கேக்களின் ரத்தம். அவர்கள் நமது மூதாதைகள் அல்ல, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பங்காளிகள். கிடைத்தவர்களில் கிட்டத்து உறவு என்பதால் துணைக்கண்டத்தின் கோடிக்கணக்கானவர்களின் பூர்வீகம் இந்த நூறு பேரை வைத்து அளக்கப்பட்டது. 2009 கட்டுரையிலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் அவர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி. 2021இல் பத்திரிகைகளில் வெளியான நிதி ஆயோக்கின் லிட்டில் அந்தமான் திட்ட ஆவணத்திலும் அவர்கள் வருகிறார்கள். விமான நிலையமும் சுற்றுலா நகரமும் கட்டுவதற்காக, அவர்களுடைய பழங்குடிக் காப்பகத்தில் ஒரு பகுதியை விடுவிக்க வேண்டும் என்கிறது அந்த ஆவணம்.